என் சதை, அவர்கள் கௌரவம்

நான் கல்யாணமாகிப் போன வீட்டில் மனிதர்களைக் கண்ணாலேயே நிறுத்துப் பார்த்துத்தான் மதிப்பார்கள். எருமப்பட்டிக்குப் பக்கத்தில் கடலைக்காயும் சோளமும் விளைகிற மேட்டுக்காடு அவர்களுக்கு நிறைய இருந்தது. கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நெல்லும் கரும்பும் உண்டு. வருஷம் முழுக்க நெல்லஞ்சோறு தின்கிற வீடு என்று அந்த வட்டாரத்தில் பெயர். மற்றவர்கள் கம்பும் ராகியும் தின்னும்போது தாங்கள் அரிசி தின்கிறோம் என்பதைத் தவிர, பெருமை பேசிக்கொள்ள அந்த வீட்டாரிடம் வேறொன்றும் இருக்கவில்லை. அதனால் அதையே விடிந்ததிலிருந்து பொழுது அடைகிறவரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் போனபோது ஒல்லியாக இருந்தேன். என் அப்பா சேந்தமங்கலத்தில் பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் வீட்டில் சோற்றுக்குக் குறையும் இல்லை, கூடுதலும் இல்லை. தாலி கட்டி முடிந்த கையோடு மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, சுற்றியிருந்த பெண்களுக்குக் காட்டினார்.

"பாருங்க, வளையல் முழங்கை வரைக்கும் ஓடுது. ஒரு வருசம் போவட்டும், இவளை ஆளாக்கிக் காட்டறனா இல்லையான்னு பாருங்க" என்றார்.

சந்தையில் மாடு பிடித்துக்கொண்டு வந்தவர் பேசுகிற பேச்சு அது. எல்லோரும் சிரித்தார்கள். என் அம்மாவும் சிரித்தாள்.

சொன்னபடி ஆளாக்கினார்கள். ஆனால் நான் நிஜமாகப் பெருக்க ஆரம்பித்தது குழந்தை செத்த பிறகுதான். பெண் குழந்தை. பெயர் வைப்பதற்குள் போய்விட்டது. கரும்புக் காட்டு மூலையில் புதைத்துவிட்டு வந்த ஆண்கள் கிணற்றடியில் தலை முழுகிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். எனக்கும் ஒரு தட்டு வந்தது. அந்தக் குழந்தையைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களுக்குப் பேசத் தெரியாது. யாருக்காவது மனசு சரியில்லை என்றால் பருப்புச் சோற்றில் இன்னும் ஒரு கரண்டி நெய் விடத் தெரியும்; அவ்வளவுதான்.

"அழுவாத அம்மிணி. இந்தா, கச்சாயம் சுடச்சுட இருக்குது, தின்னு" என்பார் மாமியார். அரிசி மாவும் வெல்லமும் சேர்த்து எண்ணெயில் சுடுகிற கச்சாயம் அந்த வீட்டில் எந்நேரமும் ஒரு தூக்குப்போசி நிறைய இருக்கும்.

நான் தின்றேன். வாய் நிறைய வைத்துக்கொண்டு அழ முடியாது என்பது தெரிந்துபோயிற்று. மார்பில் கட்டிக்கொண்ட பால் வற்றுகிறவரைக்கும் தின்றேன். வற்றிய பிறகும் தின்றேன். ஒரு கட்டத்துக்கு மேல் அவர்கள் கொண்டுவந்து கொடுக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. சாமான் அறை எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரியும்.

இரண்டு மூன்று வருஷத்தில் கழுத்தும் தோளும் ஒன்றாகிவிட்டன. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். அதற்குத்தான் எத்தனை பாராட்டு! கல்யாண வீடுகளில் என்னை முன்வரிசையில் உட்காரவைப்பார்கள். என் கணவர், தான் கட்டி வளர்த்த காளையை வீட்டுக்கு வருகிற ஒறம்பரைக்காரர்களுக்குக் காட்டுகிற மாதிரி, என் பக்கமாகக் கையை வீசிக் காட்டுவார். "மவராசி மாதிரி இருக்கறா" என்று கிழவிகள் சொல்லுவார்கள். மகராசிக்கு அரிப்பெடுத்த தொடையிடுக்கும், படுத்தால் முட்டுகிற மூச்சும், வீங்கின காலும் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதையும் ஒரு நகையாகத்தான் கணக்கில் சேர்த்திருப்பார்கள்.

மறுபடி கரு தங்கவில்லை. அதற்காக மாமியார் அம்மன் கோயிலில் ஒரு வேண்டுதல் வைத்தார். என் எடைக்கு எடை வெல்லம். பக்தி என்று எல்லோரும் சொன்னார்கள். அது பக்தியாக இருந்திருந்தால் வேண்டுதலைச் செலுத்துவதற்கு ஊர் ஊராக ஆள் அனுப்பிக் கூட்டம் சேர்த்திருக்கமாட்டார். கோயிலில் இருந்த தராசு என்னைத் தாங்காது என்று, கடலைக்காய் மண்டியிலிருந்து மூட்டை நிறுக்கிற பெரிய மரத்தராசை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தராசு போதாது என்பதைச் சொல்லும்போது மாமியார் முகத்தில் இருந்த சந்தோஷத்தை, அந்தக் குழந்தை பிறந்த அன்றைக்குக்கூட நான் பார்க்கவில்லை.

ஒரு தட்டில் நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எதிர்த்தட்டில் வெல்லச் சிப்பங்களை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். நான் தரையைவிட்டு எழும்பவில்லை.

"இன்னும் வெக்கோணும்" என்றார் பூசாரி.

வைத்தார்கள். எழும்பவில்லை. "இன்னும் வெக்கோணும்" என்று பூசாரி இன்னும் உரக்கச் சொன்னபோது கூட்டம் கை தட்டியது. மாமியார் கழுத்தை நிமிர்த்தி நாலு பக்கமும் பார்த்தார். என் கணவர் மீசையைத் தடவிக்கொண்டார். எனக்குப் பின்னால் ஒருத்தி, "ஏனுங்க, இத்தன வெல்லத்தில ஊருக்கே பாயசம் காய்ச்சலாமுங்க" என்று வாயைப் பிளந்தாள். கடைசியில் தட்டு ஆடி மேலே எழும்பியபோது குலவை போட்டார்கள். அம்மன் எதிரில்தான் இருந்தாள். அவளை ஒருவரும் பார்க்கவில்லை.

திரும்பி வருகிற வழியில் ஒரு மணல் ஓடையில் வண்டிச் சக்கரம் அச்சுவரைக்கும் இறங்கிவிட்டது. எல்லோரும் இறங்கினார்கள். அக்கரைக்கு நடந்துபோய்விட வேண்டியதுதான், நொண்டிகூடக் கடந்துவிடுவான். நான் பாதி மணலில் முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டேன். இதயம் காதுக்குள் அடித்தது. எழுந்திருக்க முடியவில்லை. என் கணவர் பக்கத்துக் காட்டில் வேலையாயிருந்த ஆட்களைக் கூப்பிட்டு ஒரு கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவரச் சொன்னார். நாலு பேர் என்னை அதில் படுக்கவைத்துத் தூக்கினார்கள்.

"பண்ணாடிச்சி, ஆடாம படுத்துக்குங்க" என்று தலைமாட்டில் தூக்கினவர் மூச்சிரைக்கச் சொன்னார். பண்ணையக்காரர் பெண்டாட்டியை ஆட்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். உயிரோடு இருக்கும்போதே என்னை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று தோன்றியது. கட்டிலோடு கூடவே நடந்துவந்த மாமியார் எதிரில் வந்தவர்களிடமெல்லாம், "எங்க மருமவளுக்கு நடந்து பழக்கமில்லீங்க" என்று பட்டம் வாங்கின மாதிரி சொல்லிக்கொண்டு வந்தார்.

வெல்லம் கொடுத்தும் கரு தங்காததால் அடுத்து சேலத்துக்கு அழைத்துப்போனார்கள். பட்டணத்திலிருந்து வந்த ஒரு டாக்டரம்மா அங்கே இருந்தார். சோதித்துப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இந்தச் சதை குறையணும். நெய், வெல்லம், பலகாரம் எல்லாத்தையும் நிறுத்து. தினம் நட. குழந்தை பிறக்குமோ பிறக்காதோ, இப்படியே இருந்தா நீ இருக்கமாட்டே."

வெளியே வந்ததும் என் கணவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஊட்டுல சோத்துக்கு இல்லாதவங்களுக்குச் சொல்ற வைத்தியத்த நம்மகிட்டச் சொல்றா. பட்டினி கெடக்கச் சொல்றதுக்கு ஒரு டாக்டரா?" என்று பஸ் நிற்கும் இடம்வரை திட்டிக்கொண்டே வந்தார். அந்த அவமானத்தைத் துடைப்பதற்காகப் பக்கத்துக் காபி கிளப்பில் நுழைந்து இரண்டு அல்வா வாங்கினார். இலையில் நெய் வழிந்தது. நாக்கில் எச்சில் ஊறியது. அதை மறைத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"எனக்கு வேண்டாமுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கல்யாணமானதிலிருந்து நான் வேண்டாம் என்று சொல்லி அவர் கேட்டதில்லை. பிறகு என் இலையையும் தன் பக்கம் இழுத்துத் தின்றுமுடித்தார்.

மறுநாள் விடிகிற நேரத்தில் கரும்புக் காட்டு வரப்பில் நடக்கப் போனேன். நடை என்று அதைச் சொல்லக்கூடாது. கொஞ்சதூரம் போய் நின்று, வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கி, மறுபடி கொஞ்சதூரம். தொடைகள் உரசி ரத்தம் கசிந்தது. விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு அடுத்த நாளும் போனேன். மத்தியானத்தில் பண்ணையத்து ஆட்களுக்குக் காய்ச்சுகிற கம்மஞ்சோற்றில் ஒரு உருண்டை வாங்கி, மோர் விட்டுக் கரைத்துக் குடித்தேன்.

மாமியார் பார்த்துவிட்டார். வீட்டில் திருட்டுப் போன மாதிரி சத்தம் போட்டார்.

"ஆளுங்க குடிக்கறதக் குடிக்கறியே, உனக்கு என்னத்துல கொறை வெச்சோம்? சனம் பாத்தா என்ன சொல்லும்? பண்ணாடி ஊட்டுல மருமவளுக்குச் சோறு போடறதில்லைன்னு சொல்லாதா?"

"சொல்லிட்டுப் போறாங்க அத்தை."

"சொல்லிட்டுப் போறாங்களா? உனக்கென்ன, நீ வாத்தியார் மவ. எங்களுக்கு மானம் இருக்குது."

மானம் என் இடுப்பைச் சுற்றி இருந்திருக்கிறது. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பசியைப் பொறுப்பது பெரிய காரியமில்லை. சில வாரத்தில் வயிறு பழகிவிடும். தின்பதை நிறுத்தியதும் வேறொன்று கிளம்பியது. அதற்கு நான் தயாராக இருக்கவில்லை. சாயங்காலமானால், கை கச்சாயத்தைத் தேடுகிற அந்த நேரத்தில், கைக்கு ஒன்றும் கிடைக்காதபோது, குழந்தையின் முகம் வரும். அதன் நெற்றியில் இருந்த மயிர் ஞாபகம் வரும். இத்தனை வருஷமும் அதன் மேல்தான் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு நாள் காலை குழந்தையைப் புதைத்த அந்த மூலையைத் தாண்டும்போது கால் நகரவில்லை. அங்கேயே உட்கார்ந்து, வாய் காலியாக, சத்தம் போட்டு அழுதேன். தண்ணீர் பாய்ச்சுகிறவர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வீட்டார் யாருக்கும் இல்லாத நாகரிகம் அவருக்கு இருந்தது.

ஒழுங்காகவே இருந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். என் கணவரின் அக்காள், நான் நங்கை என்று கூப்பிடவேண்டியவர், ஒரு தடவை விருந்துக்கு வந்தபோது எல்லோர் முன்னாலும், "புள்ளையுந்தான் இல்லை, ஒடம்பாவது இருந்துச்சு. இப்ப அதுவும் போச்சு" என்றார். நான் நேரே சாமான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தூக்குப்போசியில் இருந்த கச்சாயம் முழுவதையும் நின்றபடியே தின்றேன். ருசி தெரியவில்லை. பிறகு கொல்லையில் வாந்தி எடுத்தேன். என்னைப் போல ஒரு கேவலமான பிறவி உண்டா என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். விடிந்ததும் வரப்புக்குப் போனேன். வேறு போக்கிடம் இல்லை.

ரவிக்கைகள் தொளதொளத்தன. முகத்தில் எலும்பு தெரிய ஆரம்பித்தது. வரப்பை நிற்காமல் சுற்றிவர முடிந்தது. எனக்கு உடம்பு தேற, ஊருக்கு நோய் பிடித்தது. இவளுக்கு க்ஷயரோகம் என்று ஒரு கூட்டம் பேசியது. பண்ணாடிக்கு மண்டியில் பெரிய அடி, வீட்டில் உலை ஏறுவதில்லை என்று இன்னொரு கூட்டம் பேசியது. நாமக்கல்லில் என் கணவரோடு கடலைக்காய் வியாபாரம் பண்ணுகிறவர்கள் அவரிடமே, "ஏனுங்க, ஊட்டுல எல்லாம் சவுரியந்தானுங்களா?" என்று இழுத்து இழுத்து விசாரித்தார்களாம். அவர் வீட்டுக்கு வந்து செம்பைத் தூக்கி எறிந்தார். பெண்டாட்டி மூச்சுவிட முடியாமல் கிடந்தபோது வராத ஆத்திரம், மண்டிக்காரன் கேட்ட ஒரு கேள்வியில் வந்துவிட்டது.

அடுத்ததாக எனக்குப் பேய் பிடித்திருப்பதாக முடிவு செய்தார்கள். கொல்லிமலை அடிவாரத்திலிருந்து ஒரு மந்திரவாதியைக் கூட்டிவந்தார்கள். அவர் வாசற்படியில் ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்றார். அப்படி ஒரு தொந்தி. வேப்பிலையை என் தலையில் அடித்து, "யாரு நீ? சொல்லு. இந்தப் புள்ளையோட ரத்தத்தக் குடிக்கறது யாரு?" என்று கத்தினார். கத்தும்போது அவர் வயிறு தனியாகக் குலுங்கியது. நான் சிரித்துவிட்டேன்.

"பாத்தீங்களா, சிரிக்குது!" என்று அவர் துள்ளினார்.

"சாமி, வெரட்டிப்போடுங்க சாமி" என்று மாமியார் கும்பிட்டார்.

பேய் கருஞ்சேவல் கேட்கிறதென்றார் மந்திரவாதி. அறுத்தார்கள். குழம்பு வைத்தார்கள். பேய்க்கு என்று சொன்னதை அவரே வழித்துத் தின்றுவிட்டு, பேய் போய்விட்டதென்று சொல்லி, ஏப்பம் விட்டுக்கொண்டு வண்டி ஏறினார். அன்றைக்கும் நான் கம்மஞ்சோறுதான் குடித்தேன் என்பதைக் கண்டதும் மாமியார் முகம் தொங்கிப்போயிற்று.

இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டில்லை. அம்மா வந்தாள். அதுதான் வலித்தது. யாரோ போய் மகள் சாகக் கிடக்கிறாள் என்று சொல்லியிருக்கிறார்கள். வாசலில் என்னைப் பார்த்ததும் மார்பில் அடித்துக்கொண்டாள்.

"எம்பட கண்ணே, இப்படி உருகிப் போயிட்டியே!"

"நல்லா இருக்கறம்மா. இப்பத்தான் மூச்சு விட முடியுது."

"பொய் சொல்லாத. என்ன பண்ணாங்க உன்னைய? மவராசியாட்ட இருந்தியே."

"கல்யாணத்துல பாத்தியல்ல, அப்பவும் இப்படித்தான இருந்தேன்? அன்னிக்கு என்னைய மாடாட்டப் புடிச்சுக் காட்டுனாங்க, நீ சிரிச்சே."

அம்மா அழுகையை நிறுத்தினாள். கொண்டுவந்த பையைத் திறக்காமல், சாயங்கால வண்டிக்கே திரும்பிப் போய்விட்டாள். பையில் என்ன இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எள்ளுருண்டை.

அதற்கடுத்த தை மாதம் என் கணவர் இரண்டாம் கல்யாணம் பண்ணிக்கொண்டார். பிள்ளை இல்லை என்று வெளியே காரணம் சொன்னார்கள். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து பெண். பெண் பார்த்துவிட்டு வந்த மாமியார் குணத்தைப் பற்றியும் பேசவில்லை, குடும்பத்தைப் பற்றியும் பேசவில்லை. "நல்ல சதப்பிடிப்பு" என்றார்.

நான் சண்டை போடவில்லை. கிணற்றடியில் ஓர் ஓட்டுச் சாளை இருந்தது. ஏர் கலப்பை போட்டுவைக்கிற காட்டு வீடு. அதில் இருந்துகொள்கிறேன் என்றேன். என் கணவருக்கு நிம்மதி. மெலிந்த பெண்டாட்டியைக் கண்மறைவாக வைத்துவிடலாம். அங்கே நான் ஒரு பசு மாடும் கீரைப்பாத்தியும் வைத்துக்கொண்டு, என் அடுப்பில் எனக்கு வேண்டியதைக் காய்ச்சிக் குடித்தேன். யாரும் என் தட்டை எட்டிப்பார்க்காமல் சாப்பிட்ட முதல் நாள், சோற்றில் உப்புப் போட மறந்திருந்தேன். அப்படியும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

அந்தப் பெண்ணை நான் ஏளனமாகத்தான் நினைத்திருந்தேன். எனக்குப் பதிலாக வாங்கிக் கட்டின உருப்படி என்று. ஒரு வருஷம் போல ஆகியிருக்கும். ஒரு காலையில் வரப்பில் யாரோ தடுமாறி வருவது தெரிந்தது. அவள்தான். வந்த நாளைவிட ஒன்றரை மடங்கு ஆகியிருந்தாள். சாளை வாசலுக்கு வருவதற்குள் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன அம்மிணி, யாருக்கு என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா. அங்க எந்நேரமும் தின்னு தின்னுன்னு உயிர வாங்குறாங்க. எனக்கு நெஞ்ச அடைக்குது. நீ எப்படிக்கா ஒடம்ப எறக்குன?"

உட்காரச் சொல்லி மோர் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வேப்பமரம் வரைக்கும் போயிட்டு வரலாம். முடியலீன்னா அதைப் புடிச்சுக்கிட்டு நில்லு" என்றேன். போனோம். அவள் நின்றாள். நானும் நின்றேன்.

மாமியார் ஒரு நாள் அங்கேயே வந்துவிட்டார். "நீ கெட்டது பத்தாதுன்னு இவளையும் கெடுக்கறியா? வா அம்மிணி ஊட்டுக்கு, பணியாரம் ஆறுது" என்றார்.

"எனக்குப் பசிக்கல அத்தை" என்றாள் அவள்.

மாமியார் அவளை உற்றுப் பார்த்தார். அந்த வீட்டில் யாரும் சொல்லக் கேட்காத வார்த்தை அது. சேலையை உதறிக்கொண்டு போனார்.

அவள் ஒருபோதும் முழுக்கத் தப்பவில்லை. சில மாதம் வருவாள், சில மாதம் வரவிடமாட்டார்கள். இரண்டு பிள்ளைகள் பெற்றாள். பருமனாகத்தான் இருந்தாள். ஆனால் கட்டிலில் வைத்துத் தூக்குகிற நிலைக்கு அவளைக் கொண்டுபோக அவர்களால் முடியவில்லை. என் கணவருக்குச் சர்க்கரை வியாதி வந்தது. காலில் புண் ஆறவில்லை. டாக்டர் அதைப் பணக்காரர்களுக்கு வருகிற வியாதி என்று சொல்லிவிட்டார், போதாதா? புண்ணைக் காட்டிக் காட்டி அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு மறுபடி குழந்தை பிறக்கவில்லை. கொடிபோலவும் ஆகிவிடவில்லை. இன்றும் ஒரு விசேஷ வீட்டில் கச்சாய வாசனை வந்தால் வயிற்றில் ஒரு கோபம் கிளம்பும்; அது பசியா என்று நின்று யோசித்துவிட்டுத்தான் நகர்வேன்.

யுத்த காலத்தில் ஒரு நாள் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ் ஓடவில்லை. வண்டி கேட்க அந்த வீட்டு வாசலுக்குப் போக எனக்கு இஷ்டமில்லை. விடியலில் கிளம்பிச் சேந்தமங்கலத்துக்கு நடந்தேன். வழியிலிருந்த ஊர்களில் என்னை அடையாளம் தெரிந்தவர்கள் வாசலுக்கு வந்து, பண்ணாடிச்சி தனியாக நடந்து போவதை வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று போனேன். பொழுது உச்சிக்கு வருவதற்குள் வீட்டை அடைந்துவிட்டேன். அம்மா வெளியே வந்து தெருவை எட்டிப் பார்த்தாள்.

"வண்டி எங்க?"

"நடந்துதான் வந்தேன்."

என் புழுதிக் காலைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தாள். "இன்னும் எளச்சுப் போயிட்டே" என்றாள். குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டேன். அப்பா உள்ளே கண் விழித்துப் படுத்திருந்தார்.